கேமரன் மலையின் கிழட்டு லேண்ட்ரோவர்கள்



தாப்பாவிலிருந்து பழைய மலைப்பாதை வழியாகக் கேமரன் மலைக்கு ஏறியிருக்கிறீர்களா? இல்லையென்றால் அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய் வாருங்கள். தானா ராத்தா போய்ச் சேர ஏறத்தாழ 60 கிலோமீட்டர். வளைவுகளுக்குக் கணக்கே இல்லை. தலைசுற்றல் உள்ளவர்கள் கையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்வது நல்லது. ரிங்லெட்டைத் தாண்டியதும் சன்னல் வழியே குளிர் வந்து கன்னத்தைத் தடவும்.

போகிறவர்கள் எல்லாரும் தேயிலைச் சரிவையும் ஸ்ட்ராபெரித் தோட்டத்தையும் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இன்னொன்றும் அங்கே உண்டு. கோசும் தக்காளியும் கூடை கூடையாக ஏற்றிக்கொண்டு, மண்பாதையில் முக்கி முனகி ஏறிவரும் பழைய லேண்ட்ரோவர்களைத்தான் சொல்கிறேன்.

1885-இல் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேயர் இந்த மலையை அளக்க வந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்துவிட்டது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. காட்டை வெட்டிச் செடி நட்டவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் பலர் இருந்தார்கள். கோவேறு கழுதையும் மனிதத் தோளும் சுமந்த பாரத்தைப் பிற்காலத்தில் சுமக்க வந்தவைதாம் இந்த வண்டிகள்.

லேண்ட்ரோவர் இங்கிலாந்தில் 1948-இல் பிறந்தது. போர் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் என்பதால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். அதனால்தான் மழையும் பனியும் ஓயாத மலையிலும் மேல்தகடு துருப்பிடித்து உதிர்வதில்லை. பழைய வகைகள் 1985 வரை வந்தன. அந்த வழியில் வந்த கடைசி வண்டி 2016 சனவரியில் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது. ஆனாலும் நாற்பது, ஐம்பது வயதான வண்டிகள் மலையில் இன்னும் பிழைப்பு நடத்துகின்றன.

எப்படி முடிகிறது? அங்குள்ள ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து வயதான போமன் ஒருவரிடம் கேட்டேன். "ஆசிரியரே, எல்லாரும் வந்து 'வேகமா ஓடணும், பலமா இழுக்கணும்'னுதான் கேக்குறாங்க. நான் முதல்ல வண்டியை நிக்க வைக்கிறேன். அப்புறம்தான் ஓட வைக்கிறது" என்றார். அவர் காட்டிய வரிசையை அப்படியே உங்களுக்குத் தருகிறேன். செம்பனைக் குலை ஏற்றவோ சந்தைக்குக் காய்கறி கொண்டுபோகவோ பழைய பிக்கப் வாங்க நினைக்கும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது பயன்படும்.

முதலில் சாசி. உடம்புதான் அலுமினியம், அடிச்சட்டம் இரும்பு. சேறு அடைந்து உள்ளுக்குள்ளே அரித்திருக்கும். வாங்குவதற்கு முன் ஒரு சிறு சுத்தியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நல்லது. மொத்தென்றால் சந்தேகப்படுங்கள். இதற்குச் செலவு ஒரு காசும் இல்லை.

இரண்டாவது பிரேக். பழைய லேண்ட்ரோவரில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. பழைய எண்ணெயில் சேர்ந்த நீர் சூட்டில் கொதித்து ஆவியானால், மிதி தரையோடு போய்விடும், வண்டி நிற்காது. பின்னால் ஒரு டன் கோசும், பக்கத்தில் மனைவி மக்களும் இருக்கும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை முழுவதும் மாற்றுங்கள். எந்தக் கியரில் மேடு ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மூன்றாவது டயர். பெரிய டயர் போட்டால் வண்டி கம்பீரமாகத் தெரியும். ஆனால் சக்கரம் பெரிதானால் எஞ்சினுக்கு இழுப்புக் குறையும், வேகமானியும் பொய் சொல்லும். அளவை மாற்றாமல் சேற்றுக்கு ஏற்ற ஆழமான பட்டை வெட்டுள்ள டயர் போடுவதே சிக்கனம். பாரமில்லாத வண்டி சேற்றில் சிக்கினால் காற்றைக் கொஞ்சம் இறக்கினாலே டயர் பரந்து பிடிக்கும். தார்ச்சாலைக்கு வந்ததும் மறக்காமல் ஏற்றிவிட வேண்டும்.

நான்காவதுதான் எஞ்சின். தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. எஞ்சினும் நம்மைப் போல மூச்சு விடுவதுதானே! காற்றுக் குறைந்தும் பெட்ரோல் அதே அளவு போனால் கரும்புகை வரும், இழுப்பு வராது. கார்புரேட்டரில் கொஞ்சம் சிறிய ஜெட் போட்டால் சரியாகிவிடும். எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய காற்று வடிகட்டியைக் கழுவிப் புது எண்ணெய் ஊற்றுவதும், 2.25 லிட்டர் எஞ்சினின் வால்வு இடைவெளியை அங்குலத்தில் ஆயிரத்தில் 10 பங்காக வைப்பதும் சில்லறைச் செலவுதான். பெட்ரோல் வண்டியில் பாயின்ட்டை எடுத்துவிட்டு மின்னணுப் பற்றவைப்புப் போட்டால் மழைக்காலக் காலையிலும் சீராகக் கிளம்பும்.

பட்டை ஸ்பிரிங்குகளைக் கழற்றி, துரு தேய்த்து, எண்ணெய் பூசிப் பூட்டினாலே ஆட்டம் பாதி குறையும். சிலர் பாரம் தாங்குமென்று கூடுதல் பட்டை சேர்க்கிறார்கள். அப்படிச் செய்தால் வெறும் வண்டி குதிரை மாதிரி துள்ளும்.

பழைய எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் டீசல் எஞ்சின் வைப்பதும் உண்டு. எரிபொருள் மிச்சம், உதிரிப் பாகம் எளிதில் கிடைக்கும் என்பார்கள். ஆனால் எஞ்சின் மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் கட்டாயம். எஞ்சின் எண் பதிவுப் பத்திரத்தோடு ஒத்துப்போகாத வண்டியை மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். பின்னால் விற்கவும் முடியாது, விபத்து என்றால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

பார்த்தீர்களா, இந்த வரிசையில் வேகம் கூட்டுவதற்கென்று தனியாக ஒன்றுமில்லை. இருக்கும் பலத்தை வீணாக்காமல் வேலை வாங்குவதுதான் மலைக்காரர்களின் கணக்கு. சேமித்த வெள்ளியை மினுக்கும் விளக்குக்கும் உறுமும் புகைக்குழாய்க்கும் கொட்டும் இளைஞர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். ஒருவர் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வண்டி அவர் பிள்ளை காலத்திலும் உழைக்க வேண்டுமானால், முதல் செலவு பிரேக்குக்கு ஆகட்டும்.

மலைக்குப் போனால் காலை நேரத்தில் பிரிஞ்சாங் பக்கம் சற்று நில்லுங்கள். மூடுபனிக்குள்ளிருந்து ஒரு பழைய எஞ்சின் சத்தம் வரும். ஓரமாய் ஒதுங்கி வழிவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழம்புக்குக் காய்கறி அதில்தான் இறங்கி வருகிறது.