பாலம் கட்டுகிற பறவைகள்

யுகாரி யுகினோ டீச்சர் அன்று இரவு எங்கே இருந்தார்? மகோட்டோ ஷின்காயின் அனிமேப் படங்களில் ஊறியவர்கள் இந்தக் கேள்வியை இன்னும் விடவில்லை. 2013-இல் வந்த 'தி கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்' படத்தின் நாயகி அவர். டோக்கியோ பள்ளியில் மாணவர்கள் கிளப்பிய அவதூறால் நொந்து, வேலையை விட்டு, ஷிகோகு தீவிலுள்ள சொந்த ஊருக்குப் போய்விடுகிறார். 2016-இல் வந்த 'யுவர் நேம்' படத்திலோ அதே டீச்சர், ஹிடா மலைப்பக்கத்தில் இதோமோரி என்ற கற்பனை ஊரில் இலக்கிய வகுப்பு எடுக்கிறார். வால்நட்சத்திரம் உடைந்து அதன் துண்டு விழுவது அந்த ஊரின் மேல்தான். இரண்டு கதைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடப்பவை. ஒருவர் எப்படி இரண்டு இடத்தில் இருக்க முடியும்?

இரண்டும் வேறு வேறு உலகம் என்பது ஒரு கட்சி. என் அக்கா மகளுக்கு அதில் உடன்பாடில்லை. "வால்நட்சத்திரம் விழுந்தது 2013 அக்டோபர் 4 மாமா. வெள்ளிக்கிழமை. ஸ்கூல் முடிஞ்சதும் ஊருக்கு ரயில் ஏறியிருப்பாங்க" என்று காலண்டரை எடுத்து வைத்து வாதாடுகிறாள். படத்தில் அப்படி ஒரு ரயில் இல்லை. ஆனாலும் அவளை மறுக்க எனக்கு மனம் வருவதில்லை. அந்த டீச்சர் பிழைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்பது.

வானத்தைப் பார்த்து மனிதர்கள் கதை கட்டியதும் இதே தவிப்பில்தான் என்று நினைக்கிறேன். ஆகஸ்ட் மாதத்தில் ஒன்பது மணிக்கு மேல், தெருவிளக்கு அதிகம் இல்லாத ஊரில் மொட்டை மாடிக்குப் போனால், வடக்கே உயரத்தில் வெண்ணீலமாக வேகா தெரியும். உச்சியை ஒட்டி ஆல்டேர். நடுவில் பால்வீதி, கண் பழகப் பழகத்தான் துலங்கும். சீனர்களுக்கு வேகா நெசவுக்காரப் பெண், ஆல்டேர் மாடு மேய்ப்பவன். காதலில் வேலையை மறந்ததால் பால்வீதி என்ற ஆற்றின் இரு கரைகளில் பிரித்து வைக்கப்பட்டவர்கள் என்று ஜப்பானில் சொல்வார்கள். ஏழாம் மாதம் ஏழாம் நாள் மட்டும் சந்திக்கலாம். ஜப்பானில் அந்த நாள்தான் தனபாட்டா. ஆசைகளை வண்ணத் தாளில் எழுதி மூங்கில் கிளையில் கட்டுவார்கள். நம் கணக்கில் ஆல்டேர் திருவோணம், வேகா அபிஜித். அபிஜித் இருபத்தேழில் சேராத நட்சத்திரம். நம் ஜோசியரிடம் இந்த ஜோடிக்குப் பொருத்தம் பார்க்கவே வழியில்லை!

இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 15 ஒளியாண்டு தூரம். ஒளியே போய்ச் சேரப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். இந்த எண் தெரியாத காலத்திலேயே யாரோ ஒருவருக்கு அந்தப் பிரிவு பொறுக்கவில்லை. காக்கை இனத்துப் பறவைகளையெல்லாம் கூட்டிவந்து, சிறகோடு சிறகு கோத்து, ஆற்றின் மேல் பாலம் போட்டுவிட்டார். கதையில் ஒரு பள்ளம், அதை மூட ஓர் ஊகம். அக்கா மகளின் வெள்ளிக்கிழமை ரயிலும் இந்தப் பறவைகளும் எனக்கு ஒரே குடும்பம்.

ஷின்காய்க்கு இந்தத் தூரத்தின் மேல் தீராத பித்து. 2002-இல் ஏறக்குறையத் தனியாளாகத் தன் கணினியில் அவர் செய்த 'வாய்சஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்' படத்தில், சிரியஸ் அருகிலிருந்து ஒரு பெண் அனுப்பும் செல்போன் செய்தி காதலனை வந்தடைய எட்டு ஆண்டுக்கு மேல் ஆகிறது. 'யுவர் நேம்' படத்தில் இடைவெளி மூன்று ஆண்டு. நாயகன் டாகி தேடுகிற இதோமோரிப் பெண் மிட்சுஹா, அவன் தேடத் தொடங்கும்போது இறந்து மூன்று ஆண்டாகிவிட்டது. இன்றிரவு நாம் காணும் வேகாவும் அப்படித்தான், இருபத்தைந்து ஆண்டுக்கு முன்பு கிளம்பிய ஒளி. காதலை இந்தப் படத்தைவிடச் சரியாக வானியலோடு முடிச்சுப் போட்ட படத்தை நான் பார்த்ததில்லை.

முடிச்சு என்றதும் சிவப்புக் கயிறு. தாங் காலத்துச் சீனக் கதையொன்றில், வெய் கூ என்ற இளைஞன் நிலா வெளிச்சத்தில் ஒரு கிழவரைப் பார்க்கிறான். தம்பதியாகப் போகிறவர்களின் கால்களைச் சிவப்புக் கயிற்றால் பிணைப்பது அவர் வேலை. உன் மனைவி இவள்தான் என்று சந்தையில் காய்கறி விற்பவளின் கையிலிருந்த மூன்று வயதுக் குழந்தையை அவர் காட்ட, அவன் ஆத்திரத்தில் ஆள் வைத்துக் குத்தச் சொல்கிறான். பதினான்கு ஆண்டு கழித்து அவன் மணந்த பெண்ணின் புருவத்தருகே தழும்பு. இந்தக் கொடூரத்தை விதி என்று கடந்துபோக என்னால் ஆவதில்லை. ஜப்பானில் அந்தக் கயிறு சுண்டுவிரலுக்கு வந்துவிட்டது. மிட்சுஹா ரயிலில் தன் தலைக்கயிற்றை அவிழ்த்து டாகியிடம் நீட்டும்போது இன்னும் அழகாகிறது. இங்கே கிழவர் யாரும் கட்டிவிடவில்லை, அவளே கொடுக்கிறாள்.

எனக்கும் ஓர் ஊகம் உண்டு. 2019-இல் வந்த 'வெதரிங் வித் யூ' படத்தில் டாகியும் மிட்சுஹாவும் தலைகாட்டுகிறார்கள். அதில் டோக்கியோவில் ஓயாத மழை, நகரத்தின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கிவிடுகின்றன. 'யுவர் நேம்' முடிவில், விதி மாறி மிட்சுஹா பிழைத்த பிறகு, அவர்கள் ஒரு படிக்கட்டில் சந்திப்பது வெயிலடிக்கும் வசந்தத்தில். அப்படியானால் மழை உலகத்தில் சந்திக்கவே இல்லையா? சந்தித்திருப்பார்கள் என்கிறேன். அந்தப் படிகள் யோட்சுயாவில் சுகா கோயிலுக்கு ஏறுபவை, மேட்டுக்குப் போகிறவை. மூழ்கியது பெரும்பாலும் கிழக்குப் பக்கம்.

"ரெண்டு பேரும் குடை பிடிச்சிருந்தா முகம் எப்படித் தெரியும் மாமா?" என்றாள் அக்கா மகள்.

முகம் எதற்கு? அந்தப் படியில் அவர்கள் முதலில் ஒருவரையொருவர் கடந்துதானே போகிறார்கள். திரும்பிப் பார்த்தால் அவள் கூந்தலில் சிவப்புக் கயிறு தெரியும் என்றேன். குடைக்குப் பின்னால் கூந்தல் மறைந்துவிடாதா என்று அதற்கும் கேட்டிருக்கிறாள். காற்றடித்திருக்கும் என்று சொல்லப்போகிறேன்.