இருட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு!

தொட்டி வைத்துச் செடி வளர்க்கும் சகோதரிகளே! உங்கள் வீட்டுச் சாமந்தி இலையும் தழையுமாகக் கொழித்துக்கொண்டு, மொட்டு மட்டும் வைக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறதா? உரம் போட்டுப் பார்த்தாயிற்று, மண்ணை மாற்றிப் பார்த்தாயிற்று, திருஷ்டிகூடக் கழித்தாயிற்று, பலன் இல்லையா? அப்படியானால் என்னோடு ஒரு நாள் ஒலக்கூருக்கு வாருங்கள்.

"ஒலக்கூரா? அது எங்கே இருக்கிறது?" என்றுதானே கேட்கிறீர்கள்? எழும்பூரிலிருந்து தெற்கே பறக்கும் எக்ஸ்பிரஸ்கள் அந்த ஸ்டேஷனைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. விழுப்புரம் பாஸஞ்சரில்தான் போக வேண்டும். செங்கல்பட்டு, மதுராந்தகம், மேல்மருவத்தூர், அச்சிறுபாக்கம், தொழுப்பேடு என்று ஒவ்வொன்றாக நின்று, திண்டிவனத்துக்குச் சற்று முன்னால் நம்மை இறக்கிவிடும். விழுப்புரம் ஜில்லாவில் ஓர் ஊராட்சி ஒன்றியத்துக்கே பெயர் கொடுத்திருக்கும் ஊர் இது. சுற்றிலும் நெல், மணிலாக் கொட்டை, எள், கரும்பு.

அங்கே என் அத்தை இருக்கிறாள். அரை ஏக்கர் நிலம். அதில் வருஷா வருஷம் மாப்பிள்ளைச் சம்பாதான் போடுவாள். "மத்த நெல்லெல்லாம் வயித்துக்கு, இது உடம்புக்கு" என்பாள்.

நான் போனது கார்த்திகைக் கடைசி. வயல் முழுவதும் கதிர் வாங்கித் தலை சாய்ந்திருந்தது. ஆனால் சாலையோர மூலையில் மட்டும், விசிறியை விரித்து வைத்தாற்போல் ஒரு பகுதி பச்சைப் பசேலென்று நிமிர்ந்து நின்றது. ஒரு கதிர்கூட இல்லை!

"பூச்சி விழுந்துடுத்தா, அத்தை?" என்று கேட்டேன்.

"பூச்சியுமில்லே, ஒண்ணுமில்லே கண்ணு. அதோ நிக்குது பாரு, அதான்!" என்று கையை நீட்டினாள். சாலையில் புதிதாக நட்ட விளக்குக் கம்பம். "ராவெல்லாம் பகலாட்டம் எரியுது. பயிருக்குப் பொழுது போனதே தெரியல்லே. தூங்கினாத்தானே கதிர் வாங்கும்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிராவது தூங்குவதாவது! ஊர் திரும்பியபின் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தேன். சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். பள்ளிக்கூடம் போகாத அத்தை சொன்னதும் விஞ்ஞானிகள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் பக்கத்தில் மிக நீண்ட பகல் ஆனி மாதத்தில். சுமார் 12 மணி 50 நிமிஷம். மிகக் குறைந்த பகல் மார்கழியில். சுமார் 11 மணி 25 நிமிஷம். வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. நமக்கு அது தெரிவதேயில்லை. பழைய சம்பா நெல்லுக்கோ நன்றாகத் தெரியும்! பகல் குறுகி இரவு நீண்டால்தான் அது கதிர் விடும். சில நெல் வகைகளுக்கு இருபது நிமிஷ மாறுதலே பெரிய மாறுதல். அதனால்தான் கொஞ்சம் முன்னே பின்னே விதைத்தாலும் அந்தச் சம்பாப் பயிர்கள் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கதிர் வாங்குகின்றன. 1966-இல் வந்த ஐ.ஆர். 8 போன்ற புது நெல்களுக்கு இந்தக் கணக்கு அவ்வளவாகக் கிடையாது. எனவே அவற்றைச் சொர்ணவாரி, நவரை என்று எந்தப் பட்டத்திலும் போட முடிகிறது.

அமெரிக்காவில் கார்னர், அல்லார்ட் என்ற இருவர் 1920-இல் இதை விளக்கி எழுதினார்கள். அவர்களிடம் ஒரு புகையிலை இருந்தது. கோடையில் ஆள் உயரத்துக்கு மேல் வளரும், பூக்காது. குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டுக்குள் வைத்தால் பூத்துவிடும். ஏன் என்று புரியாமல், கோடையிலேயே சில செடிகளைச் சாயங்காலம் நாலு மணிக்கு இருட்டுக் கொட்டகைக்குள் தள்ளி, மறு நாள் காலையில் வெளியே எடுத்தார்கள். பூத்தன!

1938-இல் ஹாம்னர், பானர் என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது, நம் ஊர்த் தரிசுகளிலும் மண்டிக் கிடக்கும் மருளூமத்தை. நீண்ட இரவு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அது பூத்துவிடும். ஆனால் அந்த இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கைக் காட்டினால் பூக்காது. ஆக, செடி எண்ணுவது பகலை அல்ல, இடைவிடாத இருட்டைத்தான்!

இவர்களுக்கெல்லாம் முன்னால், 1912-இலேயே, பாரிஸ் நகரத்தில் தூர்னுவா என்பவர் இதைத் தொட்டுவிட்டார். அவர் வைத்துப் பார்த்த செடிகள் எவை தெரியுமா? ஜப்பானிய ஹாப்ஸ் கொடியும் கஞ்சாச் செடியும்! கானடாவில் 2018 முதல் சட்டம் இடம் கொடுத்திருப்பதால், அங்கே அதை அறைக்குள் வைத்து வளர்க்கிறவர்கள் உண்டு. செடி வளரும் வரையில் தினம் 18 மணி நேரம் விளக்கு. பூக்க வேண்டுமென்றால் 12 மணி நேரம் விளக்கு, 12 மணி நேரம் கும்மிருட்டு. இதுதான் அவர்களுடைய வழக்கமான கணக்கு. நம் நாட்டில் 1985-ஆம் வருஷச் சட்டப்படி அனுமதியில்லாமல் வளர்த்தால் சிறைதான். ஆகவே அந்தச் செடி நமக்கு வேண்டாம். கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். சாமந்திக்கும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சாமந்தித் தோட்டங்களில் ராத்திரியில் வரிசையாக பல்பு எரிவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது அலங்காரம் அல்ல. பண்டிகைக்கு விலை ஏறும் வரையில் பூவைத் தள்ளிப்போடும் தந்திரம்!

மறுபடியும் ஒலக்கூருக்கு வருவோம். "விளக்கை எடுத்துவிடச் சொல்லக் கூடாதா, அத்தை? நஷ்டம் உங்களுக்குத்தானே?" என்று கேட்டேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. சாலையைப் பார்த்தாள். அப்போதுதான் மூன்று பெண் குழந்தைகள் புத்தகப் பையோடு சைக்கிளில் பேசிச் சிரித்துக்கொண்டு போனார்கள். மணி ஏழரை.

"விளக்கு வர்றதுக்கு முந்தி, பொழுது சாஞ்சா எந்தப் பொண்ணும் இந்தப் பக்கம் டியூசனுக்குப் போவாது. பெத்தவங்க அனுப்ப மாட்டாங்க. ரெண்டு மரக்கா நெல்லு போனாப் போவட்டும். அதுங்க படிக்கட்டும்" என்றாள்.

எனக்குத் தொண்டையை அடைத்தது. வெளிச்சம் வேண்டியவர்களும் இருக்கிறார்கள். இருட்டு வேண்டிய பயிரும் இருக்கிறது. இரண்டுக்கும் வழி இல்லையா என்ன? விளக்குக்கு வயல் பக்கமாக ஒரு தகரத் தடுப்பு வைத்தால் வெளிச்சம் சாலையில் மட்டும் விழுமே! அத்தையிடம் சொன்னேன். பழுது பார்க்க வருகிறவரிடம் சொல்வதாகத் தலையாட்டினாள்.

இனி உங்கள் சாமந்திக்கு வருவோம். என் வீட்டுப் பால்கனிக்கு எதிரிலும் ஒரு தெருவிளக்கு. உள்ளே கூடத்து விளக்கு பதினொரு மணி வரை. செடிக்கு இரவே இல்லை! நான் செய்தது இதுதான். பகலில் நல்ல வெயிலில் வைத்தேன். மாலை ஆறு மணிக்கு உள்ளே எடுத்து வந்து, பெரிய அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடினேன். காலை எட்டு மணிக்குத் திறந்தேன். ஆக, 14 மணி நேரம் இருட்டு. மொட்டு நிறம் காட்டும் வரையில் ஒரு நாளும் தவறக் கூடாது. நடு ராத்திரியில் "எப்படி இருக்கிறது?" என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் கூடாது! பெட்டிக்குள் புழுங்காமலிருக்க, சுவர் ஓரமாக வெளிச்சம் புகாதபடி சிறிது இடைவெளி விடுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவக்கும் பாயின்செட்டியாவுக்கும் இதே வைத்தியம்தான். ஆனால் இளஞ்செடிக்கு அவசரப்பட்டு இருட்டுக் கொடுத்துவிடாதீர்கள். அது முதலில் வளர வேண்டும். அதுவரை விளக்கு வெளிச்சம் பட்டால் பாதகமில்லை.

மார்கழி பிறக்கும்போது மூட ஆரம்பித்தேன். மாசி மகத்துக்கு என் தொட்டியில் பதினோரு பூ!

மறு வருஷம் அதே கார்த்திகையில் அத்தை போன் செய்தாள். தடுப்பு வைத்தாயிற்றாம். மூலையிலும் கதிர் வந்துவிட்டதாம்.

"அந்தப் பெண்கள், அத்தை?" என்றேன்.

"இப்ப அஞ்சு பேரு போவுதுங்க கண்ணு!" என்றாள்.