மருந்து சேரவில்லை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் ஊர்களில் ஒரு மருந்தைக் கைவிட "மருந்து சேரல" என்னும் இரு சொற்கள் போதும். மருத்துவர் இதற்கு மறுமொழி சொல்ல இயலுவதில்லை; அவரிடம் இது சொல்லப்படுவதே அரிது. திண்ணையில் எழுந்து திண்ணையிலேயே தீர்ப்பாகிவிடும். மலேரியா மாத்திரை உண்டு வாயாலெடுத்தவர்கள் இத்தீர்ப்புக்கு எளிதில் ஆட்படுகிறார்கள்.

மழை அருகிய மண்ணில் மலேரியா ஏது என்று தோன்றலாம். நீர் வாராத ஊரில்தான் தொட்டிகளில் நீரைத் தேக்கி வைக்கிறோம். அனாபிலஸ் ஸ்டீபன்சி என்னும் கொசு அத்தகைய நீரில் முட்டையிடும். மழை பொய்த்தால் பிழைப்புத் தேடி வெளியூர் போகிறவர்கள் காய்ச்சலோடு திரும்புவதும் உண்டு. மண்டபம் முகாம் வழியே தமிழர்கள் தோட்ட வேலைக்குச் சென்ற இலங்கையில், 1934-35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைப் பலிகொண்டது. அங்கும் வறட்சியே வழி திறந்தது. ஓட்டம் நின்ற ஆறுகளின் குட்டைகளில் கொசு பெருகிற்று.

சில ஆண்டுகளுக்கு முன், மும்பையிலிருந்து நம் தெருவுக்குத் திரும்பிய இளைஞர் ஒருவருக்கு வைவாக்ஸ் வகை மலேரியா கண்டது. குளோரோகுயின் 3 நாள், பிரைமாகுயின் 14 நாள் என்று எழுதித் தந்தார்கள். அவர் விடியலில் வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கிவிட்டு வேலைக்குப் புறப்படுவார். வழியிலேயே குமட்டும், வாந்தி வரும். ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது. "காய்ச்சல் போயிருச்சு, இப்ப மாத்திரைதான் சீக்கு" என்றார் அவர் தாயார். கேட்டிருந்த நமக்கும் அது நியாயமாகவே பட்டது. மூன்று மாதம் கழித்து அதே குளிர், அதே நடுக்கம்.

அந்த இரு மாத்திரைகளின் வேலையும் வெவ்வேறு. குளோரோகுயின் குருதியிலுள்ள கிருமியைக் கொன்று காய்ச்சலைத் தணிக்கிறது. கல்லீரலில் உறங்கும் கிருமியை அழிப்பது பிரைமாகுயின். காய்ச்சல் விட்ட பின்பும் அதை உண்ணச் சொல்வது இதற்காகவே. இரண்டுமே குமட்டலும் வாந்தியும் தரக்கூடியவை. மலேரியாவே வாந்தி தரும் நோய்தான். உணவுக்குப் பின் உண்டால் வயிற்றுத் தொல்லை பெரிதும் குறையும். விழுங்கிய அரை மணிக்குள் வாந்தி வந்தால் அந்த வேளை மருந்தை மீண்டும் தரவேண்டியிருக்கும். ஆதலால் உடனே தெரிவிக்க வேண்டும். இரண்டாம் முறை அவருக்குச் செவிலியர் சொன்னதும் இவையே. கஞ்சி குடித்த பின் உண்டார். 14 நாளும் முடித்தார்.

"சேரல" என்பது வெறும் அறியாமையும் அன்று. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்குப் பிரைமாகுயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சிறுநீர் கறுத்தால் மருந்தை நிறுத்தி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். உடல் சொல்வதைக் கேட்கத்தான் வேண்டும். அது வெறும் வயிற்றின் முறையீடா, குருதியின் எச்சரிக்கையா என்று பிரித்தறிவது திண்ணையால் ஆகாது. அச்சொல்லை நாம் எடுத்துச் செல்லவேண்டிய இடம் ஆரம்ப சுகாதார நிலையம்.