எண்ணினால் தெரியும் பாலைவனம்

ஜெய்சால்மரிலிருந்து சாம் கிராமத்துக்குப் போகும் சாலையில் சுற்றுலா வண்டிகள் மணல்மேடுகளைத் தேடி விரைகின்றன. ஒரு வேன் மட்டும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. இறங்கும் 12 பேரும் சூழலியல் முதுகலை மாணவர்கள். கையில் நான்கு குச்சிகள், கொஞ்சம் சணல் கயிறு, ஒரு நோட்டு. இன்னும் ஒரு வாரத்துக்குத் தார் பாலைவனம்தான் அவர்களுக்கு வகுப்பறை.

முதல் பாடம் எளியது. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதையெல்லாம் எண்ண வேண்டும். "ஒன்றுமில்லை" என்று எழுதப்போன மாணவி, முட்டிபோட்டு உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் மூன்று வகைப் புல், எறும்புப் புற்று, வண்டின் கால்தடம், ஆட்டுப் புழுக்கை என்று பக்கத்தை நிரப்பிவிடுகிறார். சற்றுத் தள்ளி ஒரு வளை. புல்லையும் இலையையும் தின்னும் முள்வால் பல்லியின் வீடு அது. பருந்துக்கும் பாலைவன நரிக்கும் அந்தப் பல்லிதான் தீனி. புல் போனால் பல்லி போகும், பிறகு பருந்தும் போகும் என்பது கரும்பலகை இல்லாமலே புரிந்துவிடுகிறது.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழைகூடப் பெய்யாத பகுதி இது. சேவண் புல் வேரைப் பரப்பி மணலைப் பிடித்துவைக்கிறது. மேலே காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் தூரிலிருந்து துளிர்க்கிறது. இங்கே கேஜ்ரி என்று அழைக்கப்படுவது நம் கோயில்களில் பார்க்கும் வன்னி மரமேதான். அதன் இலை ஆட்டுக்கு, காய் சமையலுக்கு. ஜோத்பூர் அருகே கேஜர்லி கிராமத்தில் இந்த மரங்களைக் காக்க 1730-ல் அம்ரிதா தேவி உட்பட 363 பேர் உயிர்விட்டதை பிஷ்னோய் மக்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள்.

மாணவர்களின் இரண்டாவது ஆசிரியர், ஒட்டகம் மேய்க்கும் ஒரு முதியவர். மாணவர்கள் அவரை 'பாபா' என்கிறார்கள். அவருக்கு எல்லாரும் 'பேட்டா'தான். எந்தப் புல்லை ஒட்டகம் விரும்பும், எதைத் தொடாது என்று அவர் சொல்லச் சொல்ல நோட்டுகள் நிறைகின்றன. ஓரண் என்ற சொல்லை அவரிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஓரண் என்பது சாமி பெயரில் விடப்பட்ட மேய்ச்சல் காடு. கால்நடை மேயலாம்; மரத்தில் கோடரி படக்கூடாது.

சிக்கல் என்னவென்றால், பல ஓரண்கள் வருவாய்த்துறைக் கணக்கில் வெறும் தரிசு. தரிசு என்றால் சூரிய மின்நிலையத்துக்கும் காற்றாலைக்கும் சுலபமாகக் கொடுத்துவிடலாம். நிலக்கரி வேண்டாமென்றால் இந்த மின்சாரம் வேண்டுமே என்று மாணவர்களுக்குள்ளேயே மாலையில் வாக்குவாதம் மூள்கிறது. எதிர்த்தரப்பின் சாட்சி கானமயில். 15 கிலோ வரை எடையுள்ள இந்தப் பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. மின்கம்பியில் மோதி விழுகிறது. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டை, அதுவும் வெறுந்தரையில். நாட்டில் மிஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு என்று மதிப்பிடப்படுகிறது. அவற்றில் பெரும்பாலானவை இந்த வட்டாரத்தில்தான். இதன் வாழிடத்தில் கம்பிகளைத் தரைக்கடியில் புதைக்க 2021-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தி, எங்கே புதைப்பது என்று ஆராய நிபுணர் குழுவை அமைத்தது.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு உத்தரவு வந்தது. ராஜஸ்தானில் உள்ள ஓரண்களை அளந்து, வரைபடமாக்கி, காடாக அறிவிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். எல்லையை அளக்க செயற்கைக்கோள் படம் உதவும். ஆனால் அந்த எல்லைக்குள் வளர்வது சேவணா வேறு புல்லா, வளையில் பல்லி இருக்கிறதா, மேய்ச்சலுக்கு யார் வருகிறார்கள் என்பதையெல்லாம் நேரில் நடந்து பார்த்தவர்தான் சொல்ல முடியும். தாசில்தார் அலுவலக ஏட்டில் 'தரிசு' என்று இருக்கும் இடத்துக்கு எதிராக, தேதி போட்டு, எண்ணி எழுதிய ஒரு பட்டியலை நீட்ட ஆள் வேண்டும். முட்டிபோட்டு எண்ணக் கற்றுக்கொள்ளும் இந்த மாணவர்களுக்கு அங்கே வேலை காத்திருக்கிறது. பட்டியலில் பாதியைச் சொல்லிக்கொடுக்க பாபாவும் கூட இருக்க வேண்டும்.