கடைசிக் கழுவல்

நாடாப்புழு வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு எடுத்தவுடன் ஜெல் ஓட்டிப் பார்க்க ஆசை. நான் முதலில் கழுவத்தான் சொல்லிக்கொடுப்பேன்.

டீனியா சோலியம் புழுவின் சிஸ்டுகள் பன்றித் தசைக்குள் வெள்ளைக் கொப்புளங்களாக இருக்கும். அவற்றின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணக் கற்கள் கிடக்கின்றன; கார்பசில் என்போம். கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட், கார்பனேட் எல்லாம் புரதத்தோடு சேர்ந்து வளையம் வளையமாகப் படிந்த கல். அந்தப் புரதங்கள் எவை என்பதுதான் நம் தேடல்.

சிஸ்டை அரைத்து, மஸ்லின் துணியில் வடித்து, சலைனில் கலக்கி வையுங்கள். அரிசி அரிக்கும்போது கல் அடியில் தங்குமே, அதே கணக்குதான். இங்கே நமக்கு வேண்டியது அந்தக் கல். என் ஆசிரியர் பீக்கரைச் சாய்த்தால் மணிக்கட்டு மட்டும்தான் அசையும். கலங்கல் முழுக்க வழிந்துவிடும், அடியில் உள்ள படிவு இம்மியும் நகராது. அவர் கடிகாரத்தைப் பார்த்ததில்லை, படிவின் நிறத்தைப் பார்ப்பார். மஞ்சள் சாயல் இருந்தால் திசு இன்னும் போகவில்லை. வெளுத்த பிறகு ஒரு சொட்டு எடுத்து போலரைசிங் மைக்ராஸ்கோப்பில் வைப்பார். வளையங்கள் மின்ன வேண்டும், நடுவே ஒரு நார்கூடத் தெரியக் கூடாது.

கல்லின் மேலே ஒட்டியிருப்பதை நீர்த்த ஹைப்போகுளோரைட் அரித்துவிடும். அதற்குப் பிறகும் கழுவ வேண்டும். குளோரின் மிச்சம் இருந்தால் உள்ளிருந்து வரும் புரதத்தையும் கெடுக்கும்.

கரைக்கும்போது அவசரக்காரர்கள் அமிலத்தை ஊற்றுவார்கள். நுரை பொங்கி, கல் சட்டென்று கரையும். ஆனால் சில புரதங்கள் திரிந்து போகும். நமக்கு வேண்டியது பிஹெச் 8இல் இடிடிஏ, புரோட்டியேஸ் தடுப்பான், 4 டிகிரி குளிர், பிறகு டயாலிசிஸ். மெதுவாகத்தான் நடக்கும், நடக்கட்டும்.

ஸ்லைடு போடுபவர்கள் பழைய ஃபார்மலினைத் தொடாதீர்கள். அதில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்து கல்லைக் கரைத்துவிடும். 'கார்பசில் இல்லை' என்று எழுதிய ரெக்கார்டுகளைத் திருத்தியிருக்கிறேன். பஃபர் சேர்த்த ஃபார்மலினில் வைத்த அதே திசுவில் அலிசரின் ரெட் நன்றாகச் சிவந்து பிடிக்கும்.

இனி ஜெல். கடைசிக் கழுவல் நீரையும் ஒரு லேனில் ஓட்டுங்கள். அதில் பட்டை விழுந்தால், பக்கத்து லேனில் உள்ளது கல்லுக்குள் இருந்தது என்று சொல்ல வழியில்லை. சிஸ்ட் பன்றியின் ஆல்புமினையும் ஆன்டிபாடியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் பெப்டைடுகளை 2013இல் வெளியான இந்தப் புழுவின் ஜீனோமோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது, பன்றியினுடையதோடும் ஒப்பிட வேண்டும்.

இந்தப் புழுவின் சிஸ்ட் மூளையில் தங்கி வலிப்பு வந்த நோயாளியின் ஸ்கேனில் தெரியும் சுண்ணம் செத்த சிஸ்ட் இறுகியது. நம் கையில் இருப்பதோ உயிருள்ள புழு தன் உடம்புக்குள்ளேயே கட்டிய கல். இரண்டையும் ஒன்றாக்கி எழுதாதீர்கள்.

கழுவல் நீர் லேன் வெறுமையாக வந்த அன்று ஜெல்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். புரதத்தைப் பற்றி உட்கார்ந்து பேசலாம்.