ஹட்டன் வீடியோக் கடையில் மிஞ்சிய நாடாக்கள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன் நகரில் இருக்கும் அந்த வீடியோக் கடைக்கு இன்று ஆட்கள் வருவது பாஸ்போர்ட் படம் எடுக்கத்தான். நான் போனது அதன் பின்னறைக்கு. சுவரோரம் வி.எச்.எஸ். கெசட்டுகள் அடுக்கடுக்காக நின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும் தேயிலைத் தோட்டத்தின் பெயர், டிவிஷன், வருஷம், விசேஷம் எல்லாம் பேனாவால் எழுதியிருந்தது. கல்யாணம், சடங்கு, மாரியம்மன் தேர், காமன் கூத்து. தோளில் கமராவைச் சுமந்து அவற்றை எடுத்தவரே இப்போது ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார்.

"மொதல்ல இதப் பாருங்க தம்பி" என்று ஒரு கெசட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். சுருளின் விளிம்பில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மழையும் மூடுபனியும் விட்டுவிட்டு வரும் ஊரில், தோட்டத் தொழிலாளர் லயத்து அறையில் துணிகளோடு பல வருஷம் கிடந்த நாடா இப்படித்தான் ஆகும். அப்படியே டெக்கில் போட்டால் பூஞ்சணம் ஹெட்டில் ஒட்டி, அடுத்துப் போடுகிற கெசட்டுக்கும் பரவிவிடும்.

கெசட்டைக் கவிழ்த்து ஐந்து திருகாணிகளைக் கழற்றினார். சுருள் இரண்டையும் விரல் படாமல் எடுத்து, நாடாவை உலர்ந்த மென்துணியில் ஓடவிட்டுத் துடைத்து, சுத்தமான வேறொரு கூட்டுக்குள் வைத்து மூடினார். பிறகு டெக்கின் மேல்மூடியைத் திறந்தார். உள்ளே இருக்கும் உருளை நிமிஷத்துக்கு 1,500 சுற்றுச் சுற்றும். அதில் பதித்த நுண்ணிய ஹெட்டுகள்தான் நாடாவிலிருந்து படத்தை எடுக்கின்றன. ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தோல்துணியை உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, உருளையை மட்டும் விரலால் மெல்லத் திருப்பினார். "துணிய மேலயும் கீழயும் இழுத்தா ஹெட்டு ஒடைஞ்சிரும். ஒடைஞ்சா அடுத்ததுக்கு எங்க போறது?" அவர் கேட்பது நியாயம். கடைசிவரை வி.எச்.எஸ். டெக் செய்துவந்த ஜப்பானின் ஃபூனாய் நிறுவனமும் 2016இல் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இருக்கிற டெக்குகள் தேய்வதற்குள் இந்த வேலையை முடித்தாக வேண்டும். மூன்று மணி நேர நாடாவை மாற்ற மூன்று மணி நேரமும் ஓடவிட்டே ஆக வேண்டும், குறுக்குவழி கிடையாது.

அந்தக் காலத்து வேலையைப் பற்றிக் கேட்டேன். கமராவின் எடை, கரண்ட் இல்லாத லயங்களுக்கு ஜெனரேட்டர் தூக்கிப் போனது, புகைக்கரி படிந்த சுவர் வெளிச்சத்தை விழுங்கியது என்று அடுக்கிக்கொண்டே போனார். என்னைப் பிடித்து நிறுத்தியது பனியின் கதை. மாசி இரவில் வெளியே குளிரில் நின்ற கமராவை, அடுப்பெரிகிற அறைக்குள் கொண்டுபோனால் அதற்குள்ளிருக்கும் உருளையின் மேல் நீர் கோத்துக்கொள்ளும். ஈர உருளையில் நாடா ஒட்டிச் சிக்கும் என்பதால் கமராவே எச்சரிக்கை காட்டி ஓட மறுத்துவிடும். உள்ளே தாலி கட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கும், வீடியோக்காரர் கமரா காயக் காத்திருப்பார். அனுபவம் ஒரு வழியைக் கற்றுக்கொடுத்தது: வெளியே நிற்கும்போதே கமராவைப் பொலித்தீன் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி உள்ளே கொண்டுபோவது. நீர் பையின் மேல் கோக்கும், கமரா உள்ளே மெல்லச் சூடேறும்.

1995இல் டி.வி. (DV) என்ற டிஜிட்டல் நாடா சந்தைக்கு வந்தது. விநாடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 13 ஜிகாபைட். படம் துலக்கமானது. அதைவிடப் பெரிய லாபம் பிரதி எடுப்பதில்தான். இரண்டு டெக்குகளை இணைத்து வெட்டி ஒட்டிய காலத்தில் ஒவ்வொரு பிரதிக்கும் நிறம் கசிந்து முகம் மங்கும். டிஜிட்டலில் பத்தாவது பிரதியும் மூலத்தைப் போலவே இருக்கும். ஆனால் அந்தக் கமராவுக்குள்ளும் நாடாவும் உருளையும் இருந்ததால் பனித் தொல்லை தொடர்ந்தது. மெமரி கார்ட் வந்த பிறகுதான் அது ஒழிந்தது.

பிரதி என்பது மலையகத்தில் சின்ன விஷயமில்லை. 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையக மக்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்று ஒதுக்கியது. தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றபோது, அண்ணன் கோத்தகிரியிலோ கூடலூரிலோ, தம்பி இங்கே டிக்கோயாவில் என்று குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அக்காள் மகளின் சடங்கை அங்கிருந்தவர்கள் பார்த்தது கெசட்டில்தான். இரண்டு நாடுகளிலும் பால் (PAL) முறைத் தொலைக்காட்சி என்பதால் இங்கே பதிந்தது அங்கே அப்படியே ஓடியது. "இப்ப அங்கயிருந்துதான் கேக்குறாங்க. பாட்டி மொகம் அந்தக் கெசட்டுல மட்டுந்தான் இருக்குன்னு."

அவர் ஒரு காமன் கூத்தை ஓடவிட்டார். ரதியும் மதனும் ஆடுகிறார்கள், தப்பு அதிர்கிறது. என் கண் அவர்களுக்குப் பின்னால் போனது. தகரக்கூரை லயம், கம்பளிக்குள் பிள்ளைகளைச் சுருட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள், பாட்டைப் பிழையில்லாமல் தானும் முணுமுணுக்கும் ஒரு கிழவர். ஆட்டக்காரர் மாறும் இடைவெளியிலும் கமரா அணையாமல் ஓடியிருக்கிறது. வீட்டாருக்குக் கொடுத்த பிரதியில் இவையெல்லாம் வெட்டப்பட்டுவிட்டன, மூல நாடாவில் இருக்கின்றன. தோட்டத்து மக்களைப் பற்றித் துரைமார் எடுத்த படங்கள் நிறைய உண்டு. அவற்றில் கொழுந்துக் கூடையோடு நிற்பவர்களுக்குப் பெயரில்லை. இங்கே ஒவ்வொரு முகத்தையும் பெயர்சொல்லிக் கூப்பிட ஆளிருக்கிறது. மலையகத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வர வேண்டிய இடங்களில் இந்தப் பின்னறையும் ஒன்று என்று உறுதியாக நம்புகிறேன்.

அதனாலேயே இன்றைய முறை எனக்குக் கவலை தருகிறது. நாடாக் காலத்தில் மூலம் தானாகவே மிஞ்சியது. இன்று அன்றிரவே கார்டைக் கணினிக்கு மாற்றி, பாட்டுச் சேர்த்து வெட்டிக் கொடுத்ததும், அடுத்த கல்யாணத்துக்காகக் கார்டை அழித்துவிடுகிறார்கள். வன்தட்டு நிறைந்தால் அங்கேயும் முதலில் போவது வெட்டாத மூலந்தான். படம் என்றுமில்லாத அளவு துல்லியம், ஆனால் வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் அதில் தங்குவதில்லை.

இதைச் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. இப்போது கல்யாணம் பேசவரும் வீட்டாரிடம், வெட்டாத மூலத்தையும் தனி வன்தட்டில் போட்டுத் தரவா என்று கேட்கிறாராம். தட்டின் விலையைக் கேட்டதும் பெரும்பாலானோர் வேண்டாம் என்கிறார்கள். நான் கிளம்பும்போது அவர் அடுத்த கெசட்டின் திருகாணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். "கோயில் திருவிழான்னா மட்டும் நானே ஒரு தட்டு வாங்கி வச்சிருவேன் தம்பி. அதுல தோட்டமே இருக்குமில்ல."