அமுச்சியின் முதுகுப் பை

எங்கள் ஊராகிய குண்டடத்தில் ‘ஆறு’ என்றால் ஐந்துக்கு அடுத்த எண். வேறு ஆறு எதுவும் நாங்கள் அறியோம். உப்பாறு அணை என்று ஒன்று அருகில் உண்டு. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் விட்டால்தான் அதற்கு உயிர். பல ஆண்டுகள் வறண்டே கிடக்கும். மற்றபடி வெள்வேல மரங்கள் நிற்கும் கொறங்காடு, கிளுவை வேலி, மேயும் காங்கேயம் மாடுகள், ஓயாத காற்று, அந்தக் காற்றில் சுழலும் காற்றாலைகள். இவையே எங்கள் ஊர்க் காட்சிகள்.

என் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், காவிரிக் கரைக்காரர். ஊஞ்சலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, பதினேழு வயதில் எங்கள் வறண்ட காட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். அப்புச்சி காலமான பிறகு, “ஒருக்கா காவேரித் தண்ணியில முழுகிட்டு வந்தர்றேன், அப்புறம் ஒண்ணுங் கேக்க மாட்டேன்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறார். பீஸ் ரேட் வேலை. ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. “அடுத்த மாசம் போலாங்க” என்றே மூன்று ஆண்டுகள் கழிந்தன.

2024 ஜூலை 30-ஆம் நாள் மேட்டூர் அணை தன் முழு உயரமான 120 அடியை எட்டியது. தொலைக்காட்சியில் அதைக் கண்டதும் அமுச்சி சோறு வேண்டாம் என்று எழுந்துவிட்டார். இனிப் பொறுக்கலாகாது என்று பெரியம்மா மகள் அக்காவும் நானும் அவரை அழைத்துச் செல்வதாக ஒப்புக்கொண்டோம். ஆடிப் பதினெட்டு, ஆகஸ்டு 3, சனிக்கிழமை. பள்ளி விட்ட வெள்ளி மாலையே புறப்பாடு!

அமுச்சிக்கு மணிக்கட்டில் வலி. கைப்பை தூக்க இயலாது. எனவே என் பழைய பள்ளிப் பையை அவர் முதுகில் மாட்டினோம். வெள்ளைச் சேலை, முடிந்த கொண்டை, முதுகில் நீலப் பை! “எத்தனையாங் கிளாசுங்க?” என்று பேருந்தில் ஒருவர் கேட்க, “இப்பத்தான் சேத்தியிருக்கறாங்க” என்றார் அமுச்சி. பேருந்தே சிரித்தது.

முதல் துன்பம் தாராபுரம் பேருந்து நிலையத்தில் காத்திருந்தது. வெள்ளகோவில் போகவேண்டிய நாங்கள், இடம் காலியாக இருக்கிறதே என்று கரூர்ப் பேருந்தில் ஏறி அமர்ந்துவிட்டோம். நடத்துநர் சீட்டுக் கேட்டபோதுதான் விஷயம் விளங்கியது. மூலனூரில் இறங்கி, இருட்டில் முக்கால் மணி நேரம் நின்று, வேறு வண்டி பிடித்தோம். இரண்டாவது துன்பம் அந்த வண்டியில். தக்காளிச் சோற்றுத் தூக்கு கவிழ்ந்து என் பை முழுவதும் மணந்தது. மாற்றுடை, துண்டு, ஆங்கிலப் பாடநூல் எதுவும் தப்பவில்லை. மூன்றாவதாக, முத்தூரில் இறங்கி ஏறுகையில் அமுச்சியின் பை வார் அறுந்தது. அக்கா ஊக்கு குத்தினாள். கொடுமுடியில் உறவினர் வீட்டுக் கதவைத் தட்டியபோது மணி பத்தரை!

கொடுமுடி சிற்றூர்தான் என்றாலும் பேர் பெரிது. தெற்கு நோக்கி வரும் காவிரி இங்கேதான் கிழக்கே திரும்புகிறாள். பாடல் பெற்ற தலம். 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நடிக்க ஒரு லட்ச ரூபாய் ஊதியம் பெற்று நாட்டையே வியக்க வைத்த கே. பி. சுந்தராம்பாள் 1908-இல் பிறந்தது இவ்வூரில்தான்.

விடிந்ததும் ஆற்றுக்கு ஓடினோம். அதை எப்படி எழுதுவேன்! கரைக்குக் கரை செம்மண் நிறத்தில் தண்ணீர். முழுமரம் ஒன்று சுழன்று சுழன்று சென்றது. ஓசையே இல்லாமல் அவ்வளவு நீர் நகர்ந்ததுதான் எனக்கு அச்சமாக இருந்தது. அணையிலிருந்து வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் திறந்திருந்தார்கள். ஒரு கன அடி 28 லிட்டர் என்று படித்திருக்கிறோமல்லவா? எங்கள் வீட்டுக் குடம் 14 லிட்டர் பிடிக்கும். அக்கா விரல் மடக்கிக் கணக்குப் போட்டு, “ஒரு லட்சமுன்னே வெச்சாலும் ஒரு வினாடிக்கு ரெண்டு லட்சம் குடம்!” என்றாள். குழாயில் தண்ணீர் வரும் நாளில் நான்கு குடத்துக்காகச் சண்டையிடும் தெருவில் பிறந்த நாங்கள் இருவரும் வாயடைத்து நின்றோம். வெள்ளகோவில், காங்கேயம் பக்கத்து ஊர்களுக்குக் குழாயில் ஏறிவரும் குடிநீரும் இந்தக் காவிரியினுடையதே.

ஆனால் படித்துறையில் கயிறு கட்டியிருந்தது. வெள்ளம் காரணமாக யாரும் இறங்கக் கூடாது என்று ஒலிபெருக்கி முழங்கியது. அது சரியான ஏற்பாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. அமுச்சியின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரு பூக்கடை ஓரத்தில் அவரை அமர்த்தி, “இங்கயே இருங்க அமுச்சி, அஞ்சே நிமிசம்” என்று சொல்லி, அக்காவும் நானும் வெள்ளத்தைப் படம் எடுக்கச் சென்றோம். ஐந்து நிமிடம் அரை மணியாயிற்று. என் யோசனைதான் அது. அக்கா வேண்டாம் என்றே சொன்னாள்.

திரும்பி வந்தால் நீலப் பை மட்டும் இருந்தது. அமுச்சி இல்லை.

பூக்காரம்மா கூட்டத்தில் கவனிக்கவில்லை என்றார். நான் கயிற்றைப் பார்த்தேன், அதற்கப்பால் ஓடும் தண்ணீரைப் பார்த்தேன். என் கால்கள் நடுங்கின. காவல் உதவி மையத்துக்கு ஓடினோம். அங்கிருந்த பெண் காவலர் அமைதியாகத் தாளை எடுத்து, “பாட்டி பேரு என்னம்மா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை!

பிறந்தது முதல் மடியில் தூக்கி வளர்த்தவருக்கு ‘அமுச்சி’ தவிர வேறு பெயர் உண்டு என்று நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. அக்காவும் விழித்தாள். காவலர் எங்களைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க இயலாது. பிறகு பையைக் கவிழ்த்து, ஆதார் அட்டையைத் தேடி எடுத்துப் படித்தோம். பத்து நிமிடத்தில் அந்தப் பெயர் கொடுமுடி முழுதும் ஒலித்தது. யாரும் வரவில்லை. பையில் வேறு என்ன இருந்தது தெரியுமா? மஞ்சள் துண்டு ஒன்று, அப்புச்சியின் பழைய துண்டு, எனக்கென்று வாங்கி வைத்த கடலை மிட்டாய்.

அம்மாவுக்கு அழைத்தோம். வேலை நேரத்தில் அவர் எடுக்கவில்லை. பதினொரு மணித் தேநீர் இடைவேளையில்தான் குரல் கேட்டது. நான் அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அம்மா சற்றுநேரம் பேசவில்லை. பின்னர், “ஆத்துல எறங்க உடலீன்னா வாய்க்காலுக்குத்தான் போயிருப்பாங்க. அவங்க பொறந்த ஊருக்குப் போய்ப் பாருங்க” என்றார்.

“காசெல்லாம் நம்மகிட்ட இருக்குது, எப்படிப் போவாங்க?” என்றேன் அக்காவிடம். “லூசு, டவுன் பஸ்ஸு நமக்கு இலவசம்!” என்றாள். ஆம், 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்த நல்ல திட்டம் அன்று எங்களை எவ்வளவு பாடுபடுத்தியது!

காளிங்கராயன் வாய்க்கால் பற்றி எங்கள் பாடத்தில் நாலு வரிதான் இருந்ததாக நினைவு. பவானியாற்றில் அணை கட்டி, 1271 தொடங்கி 1282 வரை வெட்டியதாகச் சொல்லப்படும் கால்வாய் அது. ஆவுடையாபாறை வரை சுமார் 90 கி.மீ. வளைந்து வளைந்து வருவதால் கோண வாய்க்கால் என்றும் பெயர். அன்று அது எனக்கு வரலாறாகத் தெரியவில்லை. இரு கரையும் தென்னையும் வாழையும் மஞ்சளுமாக இருக்க, நடுவே தெளிந்த நீர். அதில் இடுப்பளவு ஆழத்தில் நாலைந்து பெண்களுடன் நின்று, தலை நனையச் சிரித்துக்கொண்டிருந்தார் அமுச்சி.

எனக்குக் கோபம் பொங்கியது. “சொல்லாம வந்துட்டீங்களே அமுச்சி! ஆத்துல போயிட்டீங்கன்னு நெனச்சோம்” என்று கரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. ஈரச் சேலையோடு கரையேறி வந்து, “அஞ்சு நிமிசம்னயே கண்ணு. நானும் அஞ்சு நிமிசம்னுதான் வந்தேன்” என்றார். இதற்கு நான் என்ன மறுமொழி சொல்ல முடியும்?

பிறகு என்னையும் தண்ணீரில் இழுத்துவிட்டார். முதுகுக்குக் கீழே ஒரு கையைக் கொடுத்து, “மூச்சை இழுத்துப் புடி, வானத்தைப் பாரு” என்றார். தென்னை ஓலைகள் மேலே அசைந்தன. கை எப்போது விலகியது என்று அறியேன். நான் மிதந்தேன்! குண்டடத்துப் பெண் மிதந்தேன்!

ஞாயிறன்று கரூர்ச் சாலையில் சென்று நொய்யலைப் பார்த்தோம். திருப்பூரைக் கடந்து வந்து காவிரியில் கலக்கும் ஆறு. 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கி, கீழே உள்ள தென்னையும் கிணறும் கெட்டதை உறவினர் சொன்னார். உழவர்கள் வழக்காடினர். 2011 ஜனவரியில், கழிவுநீரை முற்றும் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. “அந்த வருசம் எங்களுக்கு வேலையே இல்லை” என்று அம்மா முன்பு சொன்னதை நான் அங்கே சொல்லவில்லை. என் பள்ளிக் கட்டணம் பனியனிலிருந்துதான் வருகிறது. பாலத்தில் நின்று நெடுநேரம் பேசாமல் பார்த்தேன்.

அமுச்சியின் பெயரை இக்கட்டுரையில் போடட்டுமா என்று கேட்டேன். “மைக்குல சொன்னது பத்தாதா?” என்று மறுத்துவிட்டார். எனவே போடவில்லை. ஆனால் இப்போது எனக்குத் தெரியும்.

ஞாயிறு இரவு வீடு வந்து சேர்ந்தோம். அம்மா ஊக்கைக் கழற்றி, பையின் வாரைத் தையல் எந்திரத்தில் வைத்து நான்கு ஓட்டு ஓட்டினார். தலையை நிமிர்த்தாமலே, “வாய்க்கால் மேட்டுல ஒரு புளியமரம் இருக்குமே, இருக்குதா?” என்று கேட்டார். நான் கவனிக்கவில்லை என்றேன். கட்டிலில் கண்மூடிப் படுத்திருந்த அமுச்சி, “இருக்குது, இருக்குது” என்றார்.